பக்கம் 212-இல் தலை பின்னியது யார்?

பிப்ரவரி 4

தம்பிக்கு,

இத்துடன் என் நாவலின் புரூஃப் வருகிறது. அறுநூற்று நாற்பது பக்கம். கட்டை அவிழ்க்கும்போது பக்கங்களைக் கலைத்துவிடாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் புத்தி உண்டு.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் உதவி கேட்கவில்லை, வேலை தருகிறேன். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டில் ஒரு புள்ளி தவறினால்கூடக் கண்டுபிடிக்கிறவன் நீ. எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை, உடைந்த எழுத்து, இவற்றை மட்டும் பார். கதையைப் பற்றி உன் அபிப்பிராயம் தேவையில்லை. அதை எங்கள் சங்கம், தன்கால் வட்டம், பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு அத்தியாயத்தையும் கூட்டத்தில் வாசித்து, பதினொரு பேரும் கை தூக்கி, திருத்தச் சொன்னதைத் திருத்தி, ஒப்புதல் வாங்கித்தான் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். ஏப்ரல் இருபது ஆண்டுக் கூட்டத்தில் வெளியீடு.

யாரையும் சாராமல் வாழ்வதே முழுமையான வாழ்க்கை என்பதை இதுவரை யாரும் கதையாக எழுதவில்லை. நான் எழுதியிருக்கிறேன்.

கால் நன்றாக இருக்கிறது. கைத்தடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. போனில் கூப்பிடாதே. நீ இழுத்து இழுத்துப் பேசுவாய், எனக்குக் கோபம் வரும். எழுது. உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

கட்டு வந்து சேர்ந்தது. பக்கம் கலையவில்லை. ஆபீசில் மேஜைக்கு அடியில் வைத்து, சாப்பாட்டு நேரத்தில் படிக்கிறேன். இருநூற்றிருபது பக்கம் முடித்திருக்கிறேன். பிழை மிகக் குறைவு, கணக்கு டீச்சர் கை என்று தெரிகிறது.

வீட்டில் தினமும் சாயங்காலம் ஒரே கேள்விதான். "அண்ணி கதை எப்படிப் போகுது? நான் எப்ப படிக்கலாம்?" எதிர் வீட்டம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், எங்க அண்ணி நாவல் எழுதியிருக்காங்க என்று. தன் பிள்ளை பாஸான மாதிரி பெருமை.

அபிப்பிராயம் வேண்டாம் என்றாய், சரி. ஆனால் இது அபிப்பிராயம் இல்லை, சந்தேகம். எங்கள் தொழிலில் பக்க ஓரத்தில் கேள்விக்குறி போடுவோம், அது மாதிரி. நாயகி ஸ்டூலிலிருந்து விழுகிறாள். இடுப்பு வரை மாவுக்கட்டு. வலது கை மார்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. பூட்டிய வீட்டில் தனியாகப் படுத்திருக்கிறாள். அவளுக்கு யார் சோறு கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அது கொள்கை, விட்டுவிடுகிறேன். ஆனால் பக்கம் 212-இல் அவள் முடி சிக்குப் பிடித்துத் தலையணையில் ஒட்டிக் கிடக்கிறது. பக்கம் 213-இல், அதே நாள், "புதிதாகப் பின்னிய ஜடை தோளில் கிடந்தது, வலது பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது" என்று வருகிறது. யார் பின்னியது?

தம்பி

பிப்ரவரி 21

தம்பிக்கு,

தானே பின்னிக்கொண்டாள் என்று போட்டுக்கொள். இதற்கெல்லாமா ஒரு கடிதம்?

அக்கா

மார்ச் 1

அக்கா,

ஒற்றைக் கையால் ஜடை பின்ன முடியாது. அதுவும் இடது கையால். மெடிக்கல் சீட்டு கட்டுகிற சணலை எடுத்து நானே மேஜைக் காலில் கட்டிப் பின்னிப் பார்த்தேன். பக்கத்து சீட்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆனால் இன்றைக்கு நான் எழுதுவது அதைப் பற்றி இல்லை. கடைசி வரை படித்துவிட்டேன். பக்கம் 230-இல் நாயகியின் தம்பி மனைவி வருகிறாள்.

கையில் சூப் கிண்ணம். வாயில் தேன். "அன்பு என்னும் கயிற்றால் கட்டி, பிறரைப் பலவீனமாக்கியே தான் பலம் பெறுகிறவள்." இது உன் வரி. அவள் சிரித்தாலும் சூழ்ச்சி, அழுதாலும் சூழ்ச்சி. 271-இல் நாயகி பேச ஆரம்பிக்கிறாள், 279-இல்தான் முடிக்கிறாள். ஒன்பது பக்கம். அந்த ஒன்பது பக்கமும் அந்தப் பெண் வாயைத் திறக்காமல் கிண்ணத்தோடு நிற்கிறாள், சூப் ஆறவே இல்லை. கடைசியில், "நீங்கள் சொல்வதுதான் சத்தியம்" என்று காலில் விழுகிறாள்.

அக்கா, விழுந்து அடிபட்டு எங்கள் வீட்டில் நான்கு மாதம் இருந்தாயே. உன்னைத் துடைத்துவிட்டது யார்? படுக்கையில் பாத்திரம் வைத்து எடுத்தது யார்? நான் எட்டரைக்குக் கிளம்பினால் ஆறரைக்குத்தான் வருவேன். அந்தப் பத்து மணி நேரமும் உன்னோடு இருந்தது யார்? தினமும் உனக்குத் தலை வாரிப் பின்னியது யார் என்று நான் கேட்டுத்தான் தெரிய வேண்டுமா?

நாவலும் சரியில்லை. எனக்கு மேலே மேலே எரிச்சல் வருவதால் சொல்லிவிடுகிறேன். நாயகிக்கு ஒரு நாள்கூடச் சளி பிடிக்கவில்லை. அவளை எதிர்க்கிறவர்கள் அத்தனை பேரும் முட்டாள்கள், முட்டாளாக இல்லாவிட்டால் அயோக்கியர்கள். யாராவது வாயைத் திறந்தால் அது வட்டத்தின் துண்டுப் பிரசுரம். முப்பதாம் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. நீ முதலில் விடையை எழுதிவிட்டு, மேலே வழியை நிரப்பியிருக்கிறாய். புத்தகத்தின் பின்பக்கம் பார்த்து விடை எழுதுகிற பிள்ளைகளுக்கு நீ மார்க் போட்டிருக்கிறாயா? பேப்பரைச் சுக்குநூறாகக் கிழித்திருப்பாய்.

கட்டை ஆபீஸ் இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் "புரூஃப் இன்னும் முடியல" என்று பொய் சொல்கிறேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் இத்தனை நாள் ஒரே பொய்யைச் சொன்னதில்லை. அந்த அத்தியாயங்களை எடுத்துவிடு.

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை கசக்கி எறிந்தேன், மூன்று தடவை எடுத்துப் படித்தேன்.

நாவல் என்பது உன் வீட்டு டைரி இல்லை. அதில் வருகிறவள் உன் மனைவியும் இல்லை. கொள்கை இல்லாமல் கதை எழுதுகிறவர்கள் எழுதட்டும், அதற்குப் பெயர் அரட்டை. யார் யாரோடு போனாள், யார் வீட்டில் யார் செத்தார் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, வாழ்க்கை இப்படித்தான் என்று கையை விரிப்பார்கள். எனக்கு அது போதாது. படிக்கிற ஒருத்தியாவது எழுந்து நிற்க வேண்டும். அதில் என்னடா தப்பு?

உதவி வாங்குவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நீ எப்போதும் கொடுக்கிற பக்கத்தில் இருந்தவன். அந்த நான்கு மாதமும் நீங்கள் இரண்டு பேரும் அறைக்கு வெளியே குரலைத் தாழ்த்தி என்னைப் பற்றிப் பேசுவீர்கள். "இன்னைக்குக் கொஞ்சம் சாப்பிட்டாங்களா", "போனாங்களா". முப்பது வருஷம் ஒரு வகுப்பையே ஒரு பார்வையில் அடக்கினவள், மலம் போனாளா என்று தம்பியும் தம்பி பெண்டாட்டியும் கிசுகிசுக்கிறார்கள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

எனக்கு முப்பத்திமூன்று வயதில், ஒரு வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்தால், அலமாரியில் உன் அத்தானின் சட்டைகள் இல்லை. நீ அப்போது வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டிருந்தாய். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்தோடும் ஒரு கேள்வி வந்தது. நீ என்ன சொன்னே, அவர் என்ன சொன்னார், வேற யாராவது இருக்காங்களா. வட்டத்தில்தான் ஒன்றும் கேட்காமல் ஒரு நாற்காலி போட்டார்கள். யாரும் தேவையில்லை என்று அங்கே கற்றுக்கொண்டுதான் நான் உயிரோடு இருக்கிறேன். அது பொய் என்றால் என் முப்பத்தோரு வருஷம் என்ன? சொல்.

ஜடைப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டேன். முதல் அத்தியாயத்திலேயே முடியைக் குட்டையாக வெட்டிவிட்டேன். திருத்திய பக்கம் இத்துடன்.

அக்கா

மார்ச் 16

அக்கா,

பக்கம் 340-இல் மலை உச்சியில் அவள் கூந்தல் காற்றில் பறக்கிறது. 412-இல் ஈரக் கூந்தலை உலர்த்துகிறாள். 588-இல் மேடையில் நரைத்த நீண்ட ஜடையோடு சொற்பொழிவு. என்னை ஏன் இப்படிப் படுத்துகிறாய்?

கிசுகிசுத்தது உண்மை. நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது. உன்னிடமே கேட்டிருக்கலாம், எனக்குத் தைரியமில்லை. ஆனால் பார், நீ கடிதத்தில் எழுதின அந்த நாலு வரி இருக்கிறதே, அறைக்கு வெளியே கிசுகிசு, சட்டை இல்லாத அலமாரி, அது ஏன் இந்த அறுநூற்று நாற்பது பக்கத்தில் எங்கேயும் இல்லை? அதை நாலு தடவை படித்தேன். நாவலைப் படித்தபோது கொட்டாவிதான் வந்தது. தப்பாக நினைக்காதே, வந்தது.

இன்னொன்று. கேள்வி கேட்காமல் நாற்காலி போட்டார்கள் என்றாயே, அதுவும் உதவிதானே?

நான் கேட்க வந்தது வேறு. "வலது பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது." இந்த வரியை யாரும் உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது. தலையில் அந்த இறுக்கத்தை உணர்ந்தவள்தான் எழுத முடியும். புத்தகம் முழுவதிலும் உயிரோடு இருக்கிற ஒரே வரி அதுதான். அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? எதை வெட்டினாய்?

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

ஆறு பக்கம் இருந்தது. தம்பி மனைவி நாயகிக்குத் தலை வாரிவிடுகிற ஆறு பக்கம்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஒரு காலையில் எழுத உட்கார்ந்தேன், மதியச் சாப்பாட்டை மறந்து எழுதிக்கொண்டே இருந்தேன். அதைக் கூட்டத்தில் வாசித்தேன். பிறகு எங்கள் செயலாளர் எழுந்தார். கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர், கை எண்ணுவதே அவருக்கு வாழ்க்கை. "நாயகி இங்கே பிறர் கையை விரும்புகிறாள். இது நம் அடிப்படைக்கு எதிரானது. நீக்கலாம் என்பவர்கள்?" என்று கேட்டார். பதினொரு கை.

எண்ணிப் பார். வட்டத்தில் பதினொரு பேர்தான். என் கையும் மேலே போனது.

ஆறு பக்கத்தையும் வெட்டினேன், அந்த ஒரு வரி எப்படியோ தப்பித்துவிட்டது. அந்தப் பெண் வில்லியாக மாறியது அதற்குப் பிறகுதான். அவளை அப்படியே விட்டிருந்தால் நாயகி சொல்வதெல்லாம் ஆட்டம் கண்டுவிடும். அதனால் கெட்டவளாக்கினேன். எழுத எழுத எனக்கே நம்பிக்கையும் வந்துவிட்டது.

ஆறு பக்கத்தையும் கிழிக்காமல் வைத்திருந்தேன். அனுப்புகிறேன். படித்துவிட்டு உடனே திருப்பி அனுப்பு. யாரிடமும் காட்டாதே, முக்கியமாக அவளிடம்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

தப்பு நடந்துவிட்டது. என்மேல்தான் தப்பு.

ஆறு பக்கத்தையும் படித்தேன். பஸ்ஸில் படித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அதையும் சூப் அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று இரண்டையும் ஒரே உறையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள். ஒன்றரை மாதமாக நான் சொன்ன பொய்யும் சேர்ந்து மேஜையில் கிடந்தது.

திட்டுவாள், அழுவாள் என்று நின்றேன். இரண்டு கட்டையும் தட்டி நேராக அடுக்கினாள். "இதுல நான் ரொம்ப கெட்டவ," என்று சூப் அத்தியாயத்தைத் தொட்டாள். "இதுல ரொம்ப நல்லவ. ரெண்டுமே நான் இல்ல."

நான் உனக்காகவும் எனக்காகவும் என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள். உன் கட்டிலில் நான் திருகி வைத்த சைக்கிள் மணி நினைவிருக்கிறதா? ஒரு நாள் நீ இரண்டு தடவை மணி அடித்தும் வேண்டுமென்றே வரவில்லையாம். கதவுக்கு வெளியே வந்து, உள்ளே வராமல் நின்றாளாம். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், "பத்தாவதுகூடத் தாண்டாதவ" என்று எல்லோர் முன்னாலும் நீ சொன்னாயே, அது அவளுக்கு மறக்கவில்லை. "இன்னொரு தடவை அடிக்கட்டும்னு நின்னேன். கேக்க நல்லாத்தான் இருந்தது," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது பார், அவள்மேல். அப்புறம் யோசித்தால் எதற்குக் கோபம் என்றே தெரியவில்லை. ஒரு மாதமாக உனக்கு உபதேசம் செய்கிறேன், பாத்திரங்களைப் பொம்மையாக்காதே என்று. நான் மட்டும் என்ன செய்தேன்? இருபத்தாறு வருஷமாக அவளைத் தெய்வமாக்கி மூலையில் வைத்திருக்கிறேன். தெய்வத்துக்கு எரிச்சல் வருமா என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. என் கொள்கைக்கு அவள் அப்படி இருந்தால்தான் வசதி.

இப்போது அவள் நாவலைப் பற்றிக் கேட்பதில்லை. எதிர் வீட்டம்மாவிடம், அந்தப் புத்தகம் வராது என்று சொல்லிவிட்டாளாம். என்னிடம் வேலை பற்றி மட்டும் பேசுகிறாள். வீடு விறைத்துக் கிடக்கிறது.

தம்பி

ஏப்ரல் 8

தம்பிக்கு,

எனக்குத் தெரியும்.

கதவுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி உண்டு, உன் வீட்டில் எல்லாக் கதவுக்கும் அப்படித்தான். அவள் பாதம் தெரிந்தது. நானும் மூன்றாவது தடவை மணி அடிக்கவில்லை. அடிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. படுக்கை நனைந்துவிட்டது. அப்புறம் உள்ளே வந்தாள். துணி மாற்றினாள். முகத்தைப் பார்க்கவே இல்லை. மாற்றி முடித்ததும் சீப்பை எடுத்தாள். அன்றைக்குப் பின்னினதுதான் இறுக்கமாக இருந்தது.

ஆறு பக்கத்தில் சீப்பை எழுதினேன், கதவை எழுதவில்லை. கதவை எழுதினால் படுக்கை நனைந்ததையும் எழுத வேண்டும். "பத்தாவதுகூட" என்று சொன்னதையும் எழுத வேண்டும். அவள் செய்ததை வைத்து அவளைக் கெட்டவள் என்று நிரூபிக்கலாம், நல்லவள் என்றும் நிரூபிக்கலாம். இரண்டுக்கும் மிச்சம் விழுகிறது. மிச்சம் விழுகிற கணக்கை நான் எழுதப் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வெளியீட்டைத் தள்ளிவைக்கச் சொன்னேன். செயலாளர் கை எண்ணினார். தள்ளிவைக்கலாம் என்பதற்கு ஒரே ஒரு கை, என்னுடையது. முப்பத்தோரு வருஷம் பழகின முகங்கள் எல்லாம் மேஜையைப் பார்த்தன. புத்தகம் என்னுடையது, அச்சுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். திரும்பப் போகலாமா என்று தெரியவில்லை. போகாமல் இருக்க முடியுமா என்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேறெங்கும் போனதில்லை.

அன்றிலிருந்து கதவை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவுக்கு இந்தப் பக்கம் வருகிறது. அந்தப் பக்கம் வரவில்லை. வெளியே நிற்கிறாள், காலில் பச்சை வார் செருப்பு, அதோடு நின்றுவிடுகிறது. அவள் மனசில் என்ன ஓடியது, எது அவளை உள்ளே தள்ளியது என்று நான் என்ன எழுதினாலும் அது என் குரலாக இருக்கிறது. பதினேழு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நாவலில் அத்தனை பேர் வாயிலும் வார்த்தையைப் போட்டவளுக்கு இவள் வாயில் ஒன்று போட வரவில்லை. ஆத்திரமாக வருகிறது.

அவளிடம் கேட்டுச் சொல். உள்ளே வர வைத்தது எது?

இதை வேலையாகக் கேட்கவில்லை. உதவியாகக் கேட்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 14

அக்கா,

உன் கடிதத்தை நான் வாசித்துக் காட்டவில்லை. அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். சமையலறையில் நின்றபடியே படித்தாள். படுக்கை நனைந்ததை நீ எழுதின இடத்தில் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு மடித்து அவளுடைய கைப்பையில் வைத்துக்கொண்டாள், எனக்குத் திருப்பித் தரவில்லை.

என்ன பதில் எழுதட்டும் என்று கேட்டேன். எதையாவது சொல்வாள், எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினாள்.

"நீங்க எழுதினா நீங்க ஒண்ணு சேர்ப்பீங்க. அவங்க வாங்கிப் படிச்சா அவங்க ஒண்ணு சேர்ப்பாங்க," என்றாள். "நேர்ல வரட்டும். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நடுவுல பேசக் கூடாது. எழுதறதைப் பக்கத்துல உக்காந்து பாப்பேன்."

எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அப்போ அண்ணிமேல் கோபம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"போகல," என்றாள். "அதையும் எழுதச் சொல்லுங்க."

தம்பி